கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை போன், எத்தனை தெரிவு?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாகக் கரடிப்போக்கிலிருந்து டிப்போச் சந்தி வரை நடந்து பாருங்கள். போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சம்சுங், ரெட்மி, ஒப்போ, விவோ, ரியல்மி, ஹொனர் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். சற்று உயரமான தட்டில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், ஐபோன் இருக்கும். இவ்வளவுக்குள் எதைத்தான் எடுப்பது என்று வாங்க வந்தவர் திகைத்து நிற்பார்.

அந்தத் திகைப்புக்கு உண்மையில் அவ்வளவு காரணம் இல்லை. பெட்டிக்குள் முப்பது போன்கள் இருந்தாலும் அவை இரண்டே வகை. ஐபோன் எல்லாம் அப்பிளின் ஐஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. மற்றவை ஏறத்தாழ அனைத்தும் கூகுளின் அன்ட்ரொய்டில் ஓடுகின்றன. மூன்றாவது என்று ஒன்றைக் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

இயங்குதளம் என்றால் என்ன? போனை எழுப்பியதும் திரையைக் காட்டுவது, விரல் பட்ட இடத்தை அறிவது, கமராவையும் ஒலிவாங்கியையும் வேலை செய்ய வைப்பது, செயலிகளை இறக்கி நிறுவ இடம் தருவது, எந்தச் செயலி எதைத் தொடலாம் என்று தீர்மானிப்பது ஆகியவற்றைச் செய்யும் அடிப்படை மென்பொருளே அது. வட்ஸ்அப்பும் யூடியூப்பும் வங்கிச் செயலியும் அதன்மேல்தான் குடியிருக்கின்றன. ஆகவே போன் வாங்கும்போது நீங்கள் ஒரு பொருளை மட்டும் வாங்கவில்லை. ஒரு சட்டதிட்டத்துக்குள்ளும் நுழைகிறீர்கள். எந்தக் கடையில் செயலி வாங்கலாம், படங்கள் எங்கே சேமிக்கப்படும், போன் பழுதானால் எதை மீட்கலாம் என்பதையெல்லாம் அந்தச் சட்டதிட்டமே சொல்கிறது.

பொருளியல் பாடநூல்கள் இந்த நிலையை இருவர் ஆதிக்கம் என்கின்றன. சந்தையில் விற்பவர் இருவர் மட்டுமே. உலகத் திறன்பேசிகளில் பத்தில் ஏழுக்கு மேல் அன்ட்ரொய்ட், மீதி பெரும்பாலும் ஐபோன். எப்படி இரண்டாகச் சுருங்கியது?

வன்னிக்கு இந்தக் கதையில் ஒரு விசித்திரமான இடம் உண்டு. 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது வன்னியின் பெரும் பகுதியில் கைத்தொலைபேசிச் சேவையே இல்லை. 2008 ஜூலையில் அப்பிள் செயலிக் கடையைத் திறந்தது; அதே ஆண்டின் இறுதிக்குள் முதல் அன்ட்ரொய்ட் போன் வெளிவந்தது. அப்போது இங்குள்ள சனம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து மீளக்குடியேறி, கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்த பிறகு பலர் கையில் ஏறிய முதல் போன் டோர்ச் லைட் உள்ள சின்ன நொக்கியா. அதிலிருந்து நேரே அன்ட்ரொய்டுக்குத் தாவினோம். நடுவில் நொக்கியாவின் சிம்பியன், பிளக்பெரி, மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் போன் என்று பல இயங்குதளங்கள் மோதிக்கொண்ட காலத்தை நாம் பார்க்கவேயில்லை. பந்தயம் முடிந்த பிறகு முடிவை மட்டும் வாங்கினோம்.

தோற்றவர்கள் சின்ன ஆட்கள் அல்லர். மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் போன் 2010இல் வந்தது. 2011இல் நொக்கியா அதனுடன் கைகோத்தது. 2014இல் நொக்கியாவின் போன் தொழிலையே மைக்ரோசொஃப்ட் வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலரை நட்டக் கணக்கில் எழுதியது. பணம் இருந்தது, தொழிற்சாலை இருந்தது, உலகம் அறிந்த பெயரும் இருந்தது. போன்களும் மோசமில்லை. செயலிகள்தாம் இல்லை. 2019ஆம் ஆண்டின் கடைசி நாளோடு வட்ஸ்அப்பும் அதைக் கைகழுவியது. பிளக்பெரியின் பழைய போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில் புதிதாக ஒரு சந்தைக் கட்டடம் கட்டித் திறக்கிறார்கள். கூரை நல்லது, நிலம் நல்லது, தண்ணீர் வசதியும் உண்டு. ஆனால் மரக்கறி வியாபாரி வரமாட்டார். சனம் இன்னும் பழைய இடத்தில்தானே நிற்கிறது. சனமும் வராது, வியாபாரி பழைய இடத்தில்தானே இருக்கிறார். ஒருவர் மற்றவரைப் பார்த்து நிற்க, புதுக்கட்டடம் வெறுமனே கிடக்கும். பழைய சந்தை சேறும் சகதியுமாக இருந்தாலும் கூட்டம் அங்கேதான். செயலி எழுதுபவர்களுக்கும் போன் பாவிப்பவர்களுக்கும் இடையே இருப்பதும் இதே இழுபறிதான். இதை வலையமைப்பு விளைவு என்கிறார்கள். கூட்டம் கூட்டத்தை இழுக்கிறது. முதலில் கூட்டம் சேர்த்தவர் மிகச் சிறந்தவராக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எழுதுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு மாணவி, நெல் விலையை விவசாயிகளுக்கு அறிவிக்கும் செயலி ஒன்றை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கூகுளின் கடையில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டொலர். அப்பிளின் கடையிலோ ஆண்டுக்கு 99 டொலர். அதோடு ஐபோன் செயலியை உருவாக்க வழக்கமாக அப்பிளின் கணினியும் தேவை. இங்குள்ள விவசாயிகளில் எத்தனை பேர் ஐபோன் வைத்திருக்கிறார்கள்? அவள் அன்ட்ரொய்டுக்கு மட்டும் எழுதுவாள். அது சரியான முடிவுதான். ஆனால் அவளைப் போல நூறு பேர் அதே சரியான முடிவை எடுக்கும்போது மூன்றாவது இயங்குதளம் ஒன்று பிறக்க வழியே இல்லாமல் போகிறது.

ஹுவாவேக்கு நடந்ததும் இதுதான். 2019 மே மாதம் அமெரிக்கா அந்த நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதன்பின் வந்த புதிய ஹுவாவே போன்களில் கூகுளின் செயலிக் கடை இல்லை, கூகுள் மப்ஸ் இல்லை, யூடியூப் செயலி இல்லை. கமரா முன்னரைவிடத் திறமாக இருந்தது. சீனாவுக்கு வெளியே வாங்குபவர்கள் விலகிப்போனார்கள். ஒரு நல்ல போனின் பாதி உயிர் போனுக்குள் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் போட்டியே இல்லையா? இருக்கிறது, இரண்டு மட்டங்களில். அவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

முதல் மட்டம் அன்ட்ரொய்டுக்குள் நடக்கும் பிராண்ட் சண்டை. அது கடும் சண்டை. ஒருவர் பெரிய பற்றரி போட்டால் அடுத்தவர் வேகமான சார்ஜர் போடுகிறார். ஒருவர் விலையை இறக்கினால் மற்றவரும் இறக்கியே ஆகவேண்டும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350க்கும் மேலே பாய்ந்தபோது, முழுக்க இறக்குமதியை நம்பிய இந்தப் பொருள் இரவோடிரவாக எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நேரத்திலும் ஏதோ ஒரு விலையில் ஏதோ ஒரு போன் கிடைத்ததென்றால் அது இந்தச் சண்டையின் தயவு.

இரண்டாவது மட்டம் அன்ட்ரொய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் இடையிலானது. இங்கே போட்டி சில இடங்களில் உயிரோடு இருக்கிறது, சில இடங்களில் தூங்குகிறது. உயிரோடு இருப்பதற்குத் தமிழையே உதாரணம் காட்டலாம். ஆரம்பகால அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் விசைப்பலகையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதில் இருந்தது. ஐபோன் இதற்கு நேர்மாறு: எழுத்து அழகாகத் தெரிந்தது, ஆனால் 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை வெளியார் விசைப்பலகையைப் பொருத்த இடம் தரப்படவில்லை. முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற ஒரு செயலிக்குள் போய்த் தட்டெழுதி, நகலெடுத்து வந்து வேறிடத்தில் ஒட்டவேண்டியிருந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தானே கொண்டுவந்தது. அன்ட்ரொய்டும் எழுத்துருக் கோளாறைச் சரிசெய்துகொண்டது. இன்று இரண்டிலும் தமிழ் எழுதலாம், வாசிக்கலாம். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லாமல் போனால் ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய திரை, முகப்புத் திரையில் விட்ஜெட் எல்லாம் இப்படி இங்கிருந்து அங்கே போனவை.

தூங்கும் இடம் எது? செயலிக் கடையின் தரகு. இரு நிறுவனங்களும் நீண்ட காலமாகக் கட்டணச் செயலிகளின் விற்பனையில் 30 சதவீதத்தை எடுத்து வந்தன. இருவர் போட்டியிட்டால் ஒருவர் 25க்கு இறங்கி ஆள் பிடிக்கவேண்டும் அல்லவா? பல ஆண்டுகளாக அது நடக்கவில்லை. 2021இல்தான் சிறிய வெளியீட்டாளர்களுக்கு 15 சதவீதம் என்று இருவரும் இறங்கினார்கள், அதுவும் வழக்குகளும் விசாரணைகளும் நெருக்கிய பிறகு. நான் இதைத் தற்செயல் என்று நினைக்கவில்லை. வாங்குபவர் போனின் விலையை ஒப்பிடுகிறார், தரகை ஒப்பிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத விலையில் போட்டி எழாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தெரிவு இருக்கிறதா என்பதைக் கடைக்குள் நுழையும்போது அளக்க முடியாது. இரண்டு வருடம் பாவித்த பிறகு மற்றப் பக்கம் போக எவ்வளவு செலவாகும் என்பதே சரியான அளவுகோல். இதற்கு மாறும் செலவு என்று பெயர். அதில் பணம் ஒரு பங்குதான்.

ஒரு வழக்கமான நிலைமையைப் பார்ப்போம். முள்ளியவளையில் இருக்கும் தம்பி நான்கு வருடமாக ஓர் அன்ட்ரொய்ட் போன் வைத்திருக்கிறான். கனடாவில் இருக்கும் மாமா ஊருக்கு வரும்போது தான் பாவித்த ஐபோனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சந்தோஷம்தான். தொடர்பு இலக்கங்கள் கூகுள் கணக்கில் இருந்தால் அவை பத்து நிமிடத்தில் வந்துவிடும். படங்களும் ஒருவாறு வரும். வட்ஸ்அப்பில்தான் சிக்கல். அன்ட்ரொய்டில் அதன் காப்புப்பிரதி கூகுள் ட்ரைவில் சேர்கிறது. ஐபோனில் ஐகிளவுட்டில் சேர்கிறது. ஒன்றின் பிரதியை மற்றது திறக்காது. 2022 முதல் அப்பிளின் இடமாற்றச் செயலி மூலம் உரையாடல்களைக் கொண்டுபோக வழி உண்டு. ஆனால் ஐபோனை முதன்முதலாக அமைக்கும் தருணத்தில் செய்யவேண்டும். புதுப் போன் ஆசையில் தம்பி எல்லாவற்றையும் அமைத்து முடித்துவிட்டுத்தான் இதைக் கேள்விப்படுவான். அப்போது ஐபோனை முழுக்க அழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு போன்களும் சார்ஜில் கிடக்க, மின்சாரம் போகாமல் இருக்க, அரைநாள் காவல். அம்மம்மா அனுப்பிய குரல் பதிவுகள் அதற்குள் இருந்தால் யாரும் இந்த வேலையை விளையாட்டாகச் செய்யமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய செயலி ஏதும் இருந்தால் அதை அங்கே மறுபடியும் வாங்கவேண்டும். சார்ஜர், உறை, கைப்பழக்கம் எல்லாம் கூடவே மாறும்.

இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. அந்தத் தெரிவைத் தம்பி செய்யவில்லை, மாமா செய்தார். வன்னியில் கையிலிருக்கும் ஐபோன்களில் கணிசமானவை இப்படி வந்தவைதாம் என்பது ஊரைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் யார் எதைக் கழற்றி வைக்கிறார்கள் என்பது இங்கே ஒருவர் எந்த இயங்குதளத்துக்குள் வாழ்கிறார் என்பதை முடிவுசெய்கிறது. நுகர்வோர் தெரிவு பற்றிய பாடநூல்களில் இப்படி ஒரு நுகர்வோரை நான் கண்டதில்லை.

நல்ல வேளை, புலம்பெயர்ந்த உறவுகளோடு நாம் பேசுவது வட்ஸ்அப்பிலும் வைபரிலும் இமோவிலும்தான். அவை இரு பக்கமும் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பலர் ஐபோனின் ஐமெசேஜ் என்ற சொந்தச் செய்திச் சேவையிலேயே பேசுகிறார்கள். அன்ட்ரொய்ட் வைத்திருப்பவருக்கு ஐபோனிலிருந்து அனுப்பும் செய்தி பச்சை நிறத்தில் தெரியும். நிறத்தை வைத்தே பிள்ளைகளைக் கேலி செய்வதும் உண்டு. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித் திணைக்களம் அப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் இந்தச் செய்தி விவகாரமும் இடம்பெற்றது. இங்கே எல்லோரும் மூன்றாம் தரப்புச் செயலி ஒன்றில் குடியேறிவிட்டதால் அந்தப் பூட்டு நம்மிடம் செல்லவில்லை. ஒரு சுவரைத் தாண்டி மற்றச் சுவருக்குள் போயிருக்கிறோம் என்றும் சொல்லலாம். வட்ஸ்அப்பை விட்டு வெளியேற யாரால் முடிகிறது?

மாறும் செலவுக்கு அடுத்தபடியாகத் தெரிவைச் சுருக்குவது இயல்புநிலை அமைப்பு. போன் கைக்கு வரும்போதே எது உள்ளே இருக்கிறதோ அதையே பெரும்பாலானவர்கள் கடைசிவரை பாவிக்கிறார்கள். தேடுபொறியை மாற்ற முடியும், மாற்றுபவர் குறைவு. அன்ட்ரொய்டின் அடிப்படை நிரல் இலவசம், எவரும் எடுக்கலாம். ஆனால் கூகுளின் செயலிக் கடை வேண்டுமென்றால் கூகுள் தேடலையும் குரோம் உலாவியையும் முன்கூட்டியே நிறுவவேண்டும் என்று போன் நிறுவனங்களுக்கு நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. இதற்காகவும் தொடர்புடைய வேறு நிபந்தனைகளுக்காகவும் ஐரோப்பிய ஆணைக்குழு 2018 ஜூலையில் கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதை 4.125 பில்லியனாகச் சற்றுக் குறைத்தது. கூகுள் தன் தேடுபொறியை இயல்புநிலையாக வைத்திருக்க 2021இல் மட்டும் 26.3 பில்லியன் டொலரைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. அதில் பெரும் பங்கு போனது யாருக்குத் தெரியுமா? அப்பிளுக்கு. போட்டியாளர்கள் என்று நாம் நினைக்கும் இருவரில் ஒருவர் மற்றவருக்கு வருடாவருடம் பணம் கட்டுகிறார்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் நம்மிடம் வந்துசேர்கிறது என்பது சுவையான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே வகைச் சார்ஜர் துளை என்று விதித்தது. 2024 டிசம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே 2023இல் ஐபோன் 15 அந்தத் துளையோடு வந்துவிட்டது. ஊருக்கு ஊர் வேறுவேறு துளை போடுவது தொழிற்சாலைக்குக் கட்டாது. ஆகவே பிரசல்ஸில் போட்ட விதியால் புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டில் ஒரே சார்ஜர் போதும் என்றாகிறது.

ஆனால் அதே ஒன்றியம் 2024 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய இன்னொரு சட்டத்தின்படி, ஐபோனில் அப்பிள் அல்லாத செயலிக் கடைகளையும் அனுமதிக்கவேண்டும். இது நம்மிடம் வரவில்லை. மென்பொருளை நாட்டுக்கு நாடு மாற்றுவதற்கு அச்சும் வேண்டாம், வார்ப்பும் வேண்டாம். கணக்கு எந்த நாட்டுக்குரியது, ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் போதும். அதனால் பாரிஸில் இருக்கும் சித்தப்பாவின் ஐபோனில் அந்தக் கதவு திறக்கும். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால் லண்டன் மாமாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சித்தப்பா அதே போனை முல்லைத்தீவுக்கு அனுப்பிவைத்தாலும் கதவு கூடவே வராது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. விலையைக் காட்டவில்லை, பற்றுச்சீட்டுத் தரவில்லை, உத்தரவாதத்தை மதிக்கவில்லை என்றால் 1977க்கு அழைத்து முறையிடலாம். கூகுளையும் அப்பிளையும் மேசைக்கு இழுக்கும் பலத்தை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதைத் தடுக்கும் அதிகாரமே அந்தச் சட்டத்தில் இல்லை. எடிசலாட் 2018இல் ஹட்சுடனும், எயார்டெல் 2024இல் டயலொக்குடனும் இணைந்து, ஐந்தாக இருந்த கைத்தொலைபேசிச் சேவைகள் மூன்றாகிவிட்டன. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ சிம் தெரிவுசெய்பவருக்கு அது போன் தெரிவைவிட நெருக்கமான விடயம். அது தனிக் கட்டுரைக்குரியது.

இனி, கடைக்குப் போகிறவர்களுக்கு. விலையைக் கேட்ட கையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இதற்கு எத்தனை வருடம் மென்பொருள் இற்றைப்படுத்தல் (அப்டேட்) வரும்? 2015இல் வந்த ஐபோன் 6எஸ் 2021இல் வெளியான ஐஓஎஸ் 15 வரை பெற்றது. 2024இன் கலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சம்சுங் ஏழு வருடம் என்று வாக்களித்தது. மலிவான அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றுக்கு இரண்டு வருடம் வருவதே பெரிய விடயம். விலையை வருடக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் மலிவு எது என்பதில் சிலவேளை முடிவு மாறும். எனக்குக் கேட்டால், படிக்கும் பிள்ளைக்கு வாங்குபவர்கள் நடுத்தர விலையில், நீண்ட கால இற்றைப்படுத்தல் உள்ள அன்ட்ரொய்ட் ஒன்றை எடுப்பது போதும். பழுதுபார்க்க ஆளும் பாகமும் ஊரிலேயே கிடைக்கும். உறவினர் ஐபோன் தந்தால் வேண்டாம் என்று சொல்லவும் தேவையில்லை.

ஆனால் தருபவரிடம் ஒரு வேலை வாங்கவேண்டும். விமானம் ஏறுமுன் அவர் தன் அப்பிள் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அழித்து மீள அமைக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. மறந்துவிட்டார் என்றால் பதறவேண்டாம், அங்கிருந்தபடியே இணையம் வழியாக நீக்கலாம். வெளிநாட்டுச் சேவை நிறுவனம் ஒன்றின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்பதையும் கேட்டு வையுங்கள். கைமாறி வந்த போனை விலைக்கு வாங்குவதென்றால், காசு கொடுக்குமுன் கடையிலேயே *#06# என்று அழுத்துங்கள். அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்ஈஐ திரையில் வரும். குறுஞ்செய்தியில் ஐஎம்ஈஐ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். பதில் வரும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.